வரிசையின் ஓரத்துக் கதிரை

மே 18, திங்கள்
கச்சான் காற்று. மணல் சுடுகிறது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி காட்டும் பிள்ளை, வலியை நாளுக்கு நாள் எழுதி வரச் சொன்னார். இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். கூட்டிக் கூட்டித்தான் எழுத்து.

வலி: இடுப்பில், நாரிக்குக் கீழே, இடப்பக்கம்.

விளையாட்டை விடத் தேவையில்லையாம். நடக்கலாம், நீந்தலாம். குதித்து அடிக்கக் கூடாது. வலி ஆறும்வரை நிலத்தில் குனியாமல், கதிரையில் உட்கார்ந்து தொழ வேண்டும். கால் விறைத்தால், மூத்திரம் அடைத்தால் உடனே ஓடி வர வேண்டும்.

எல்லாம் சரி. கதிரைதான் கஷ்டம்.

மே 19
சுபஹ் தொழுகை. நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதில் இருந்து எழும்பப் பல்லைக் கடித்தேன். பக்கத்தில் மீராலெவ்வை, எங்கள் வொலிபோல் கப்டன். அறுபது தாண்டியவர்களின் அணி. பெருநாளுக்கு மறுநாள் மருதமுனை அணியோடு ஆட்டம்.

போன வருடம் எங்கள் அணிக் கரீம் கதிரையில் தொழுததைக் கண்டுவிட்டு, அன்று அசர் தொழுகைக்குப் பின் வொலிபோல் கோட்டில் கப்டன் சொன்னது: "கதிரையில தொழுறவனுக்குக் கோட்டுக்குள்ள என்ன வேல?" கரீம் கட்டியிருந்தது பச்சைக் கோடு போட்ட சாரன். கையில் பந்து. மெதுவாக மணலில் வைத்துவிட்டுப் போனான். முதலில் சிரித்தவன் நான்.

மே 20
விளையாடினேன். நான்கு தரம் குதித்தேன். நான்காவதில் குதிக்கால்வரை மின்சாரம். பந்து தேடுகிறவன் போலக் குந்திவிட்டேன். "மச்சான், பந்து அந்தப் பக்கம்," என்றான் ஒருவன். எல்லோரும் சிரிப்பு.

இது முதலில் பிடித்தது தோணி தள்ளும்போது. மூத்தவள் பிறந்து பதினோராம் நாள். அன்று வலையில் கீரிமீன்.

மனைவி சுபைதா தைலம் பூசினாள். "ஒங்களுக்கு ஆட்டம் வேணுமா, கால் வேணுமா?"

மே 22, வெள்ளி
சாரன் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மருதமுனைக்கு பஸ். உண்மையில் அங்கே பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குக் கதிரையில் இருக்கத்தான். எங்கள் ஊரான் ஒருவனும் வரமாட்டான்.

இருந்தேன். நாரிக்கு என்ன சுகம். ஸலாம் கொடுத்து வலப்பக்கம் முகம் கிறுகினால், மூன்றாம் கதிரையில் மீராலெவ்வை. மடியில் சாரன் பை.

வெளியே, செருப்புப் போடும் இடத்தில்:
"சாரன் வாங்க வந்தன்," என்றான்.
"நானுந்தான்."
எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நோன்புக்கு முந்தியே என்றான். பிறகு, "அங்க கதைச்சிராத, மச்சான்."
கதைக்கமாட்டேன் என்றேன். ஒரே பஸ். வேறு வேறு சீட்.

வீட்டில் சுபைதா: சாரன் எங்கே?

மே 23
சுபஹ், எங்கள் பள்ளி. மீராலெவ்வை முன்வரிசையில். எழும்பும்போது கை முழங்காலைப் பிடிக்கிறது. இவ்வளவு நாளும் என் கண்ணில் படவில்லை.

நான் ஓரத்துக் கதிரையில் போய் இருந்தேன். பக்கத்தில் கரீம். ஒரு வருடமாக இருவருக்கும் கதை இல்லை. தன் கதிரையை நகர்த்தி இடம் விட்டான். தொழுது முடித்த பிறகு மெல்ல: "இடக்கால நீட்டி இரி. அப்பத்தான் இழுக்காது."

எந்தக் கால் என்று பள்ளியில் நான் யாருக்கும் சொன்னதில்லை.

கப்டன் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மருதமுனையில் கண்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வலி: கொஞ்சம் குறைவு.

அசருக்குப் பின் கோட்டுக்குப் போவேன். குதிக்காமல் நின்று பந்து தூக்கிக் கொடுக்க ஏலும். கப்டன் அணியில் போடாவிட்டால் போகட்டும். கரீமையும் கூப்பிட்டேன், யோசிக்கிறான். அவனிடம் மாப்புக் கேட்க வேண்டும். பள்ளி வாசலில் அல்ல. சிரித்த இடத்தில், அவ்வளவு பேருக்கும் முன்னால்.