வேதப்புத்தகத்தின் மேல் கை

செப்டம்பர் 5, செவ்வாய்

தேவாலயத்து ஒலிபெருக்கிகளைக் காணவில்லை. நேற்று மாலை ஜெப வேளையில்தான் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். சங்கு ஊதியபின் ஊரே வீட்டுக்குள் ஜெபத்தில் இருக்கும். சாலையில் ஒருவரும் நடக்கக் கூடாது. திருடனுக்கு அதைவிட நல்ல நேரம் ஏது?

நேற்று செஃபோ அண்ணன் எங்கள் ஜெபத்தில் இல்லை. கடைசிப் பாட்டுக்குத்தான் வந்தான், மூச்சு வாங்க.

செப்டம்பர் 6, புதன்

பழி என் வகுப்புப் பையன் தானியேலா மேல் விழுந்திருக்கிறது. எப்போதோ தேங்காய் திருடி மாட்டிக்கொண்டவன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில். திங்கள் மாலை வீட்டில் தனியாக இருந்திருக்கிறான். இன்று வகுப்பில் அவன் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

பாய்களுக்கு அடியில் வைத்த இந்த நோட்டு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. யார் எடுத்தது? அம்மாவா? அண்ணனா?

சனிக்கிழமை ஒவ்வொரு வீட்டாரும் ஊர்த் தலைவர்கள் முன்னால் வேதப்புத்தகத்தில் கை வைத்து, ‘ஜெப வேளையில் எல்லோரும் வீட்டில் இருந்தோம்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்ய முடியாத வீடு ஊரைவிட்டுப் போக வேண்டும். தானியேலாவுக்காகச் சத்தியம் செய்ய யார் இருக்கிறார்கள்?

செப்டம்பர் 8, வெள்ளி

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: “நாளைக்கு என்னடி சொல்லுவே?”

“அண்ணன் லேட்டா—”

“லேட்டானாலும் வந்தானில்ல? பாடினானில்ல?”

அப்பாவைப் பார்த்தேன். சபை மூப்பர். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “நான் கண்ணை மூடி ஜெபிக்கிறவன். யாரு இருந்தா, யாரு இல்லேன்னு எனக்கெப்படித் தெரியும்?”

“இவ தொறந்துக்கிட்டே ஜெபிப்பா போல. பெரிய பரிசுத்தவதி!” — செஃபோ.

பிறகு குழாயடியில் என் மணிக்கட்டைப் பிடித்தான். “தானியேலா வீட்டுக்காரங்க போனா ஒரு குடிசை போச்சு. நாம போனா அப்பா மானம் போச்சு. யோசிச்சுக்கோ.”

ஞாயித்துக்கிழமை முதல் பெஞ்சுல உட்கார்றவங்க இவங்கதானா? ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. நானும் இவங்கள்ல ஒருத்திதானே? நேத்து வரைக்கும் நானும் வாயைத் தொறக்கலையே.

செப்டம்பர் 9, சனி

அப்பா கை வைத்தார். அம்மா வைத்தாள். அண்ணனும் வைத்தான்.

என் முறை. கையைத் தூக்கினேன். இறக்க முடியவில்லை.

“என்ன பிள்ளே?” என்றார் ஒரு தலைவர்.

“அன்னிக்கு ஜெபத்துல எங்க வீட்டுல எல்லாரும் இல்ல.”

அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில்.

செப்டம்பர் 14, வியாழன். ஆபியா நகரம்

எங்களைத்தான் ஊரைவிட்டு அனுப்பினார்கள். சித்தி வீட்டுப் பின்னறையில் நான்கு பேர். செஃபோ என்ன செய்வானோ என்று நான் கதவோரமாகவே படுக்கிறேன். அம்மா ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை.

அப்பா இப்போது ஜெபம் நடத்துவதில்லை. இன்று அம்மாதான் நடத்தினாள். “பிள்ளைங்க அப்பாவை ஆசீர்வதியும். செஃபோவை ஆசீர்வதியும். தங்கச்சி வீட்டாரை ஆசீர்வதியும்...” ஆமென் சொல்ல வாயெடுத்தாள்.

“மாசினாவை விட்டுட்டியேம்மா,” என்றான் செஃபோ.

அம்மா கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள். காத்திருந்து பார்த்துவிட்டு, அவனே என் பெயரைச் சொல்லி ஜெபத்தை முடித்தான்.