மூன்றரை மீட்டர் தள்ளி

அன்பு வாலுவுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துவலி குறைந்து, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் உனக்கு இது தூங்கும் நேரம், அதோடு உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். எங்கள் பொறியாளரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மணி எட்டு, அவர் ஒன்பதுக்குத்தான் வருவார். அதுவரை எழுதுகிறேன்.

குடிநீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் புகார் வாங்கும் மேஜையில் இருந்தவளை வரைபடப் பிரிவுக்கு மாற்றி, ஜி.ஐ.எஸ். என்கிற கணினி வரைபட வேலையைப் படிக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நீ கிண்டல் செய்தாய். வளைந்தேன், கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான். பயிற்சி கொடுத்த பெண் உன்னைவிட இரண்டு வயது சின்னவள், நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை அம்மா என்பாள். கணினியில் இருப்பது ஒரே படம் இல்லை, கண்ணாடித் தாள்களை அடுக்கியது மாதிரி லேயர் லேயராக இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தாள். தெரு ஒரு லேயர், தண்ணீர்க் குழாய் ஒரு லேயர், மண்ணுக்கடியில் போகும் மின்கேபிள் ஒரு லேயர். உலகத்தில் உள்ளதெல்லாம் அதற்குப் புள்ளி, கோடு, பரப்பு, அவ்வளவுதான். வால்வு புள்ளி, குழாய் கோடு, நம் வீட்டு மனை பரப்பு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் ஜாதகம் மாதிரி ஒரு அட்டவணை. நம் தெருக் குழாயைத் தொட்டேன், நீ பிறந்த வருஷம் போட்டது என்று காட்டியது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

போன வாரம் மின்சார அலுவலகத்திலிருந்து கேபிள் லேயர் வந்தது. அவர்கள் அளந்து வைத்திருப்பது பழைய அளவை முறையில், எங்களுடையது புதிய முறையில். ஒரே தெருமுனைக்கு இரண்டிலும் எண்கள் கொஞ்சம் வேறு. அப்படி வந்தால் எண்களையே திரும்பக் கணக்கிட்டு மாற்ற வேண்டும், டீச்சர் இரண்டு தடவை செய்து காட்டியிருந்தாள். நான் எண்களை அப்படியே விட்டுவிட்டு, இது புதிய முறை என்று பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். உப்பு டப்பாவில் சர்க்கரை என்று சீட்டு ஒட்டினால் உள்ளே இருப்பது இனிக்குமா. படத்தைப் பெரிதாக்கி ஒரு தெருவைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான் ஊர் முழுவதும் தெரிகிற மாதிரி வைத்துப் பார்த்தேன், எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேபிள் மூன்றரை மீட்டர் தள்ளிப் போயிருந்தது. சின்னத் தெருக்களில் அது வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குப் போவதற்குப் போதும். குழாய் பதிக்கத் தோண்ட வேண்டிய ஓரம் காலியாகத் தெரிந்தது. அதையே எட்டுத் தாள் அச்சடித்து எட்டுக் குழுக்களுக்குக் கொடுத்தேன், மூலையில் தயாரித்தவர் என்று என் பெயரைப் போட்டு.

அதில் ஒரு தாள் அப்பா ஓட்டும் பொக்லைனுக்குப் போனது. அப்பா எந்தப் படத்தையும் நம்ப மாட்டார் என்று உனக்குத் தெரியும். பக்கெட்டை மண்ணில் வைப்பதற்கு முன்னால் இறங்கி, மண்வெட்டியால் மெதுவாக ஒரு குழி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குக் கைக்குழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், நானும் பயந்தாங்கொள்ளி என்று சிரித்திருக்கிறேன். நேற்று மட்டும் அவர் குழி எடுக்கவில்லை. மூலையில் இருந்த பெயரை எல்லோருக்கும் காட்டி, இது எங்க வீட்டம்மா போட்ட படம், இதுக்கு எதுக்குய்யா கைக்குழி என்று சொல்லி நேராகப் பக்கெட்டை இறக்கியிருக்கிறார். மூன்றாவது வாரலில் பக்கெட் பல்லில் மஞ்சள் நாடா சுற்றிக்கொண்டு வந்ததாம். கேபிளுக்கு மேலே ஒரு சாண் விட்டுப் போட்டிருக்கும் எச்சரிக்கை நாடா. ஒரு சாண், வாலு. பக்கெட் அதையும் தாண்டி இறங்கியிருந்தால், நான் இன்றைக்கு இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அந்த நாடாத் துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு, உன் கோடு கொஞ்சம் தள்ளி இருக்கும்மா என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கை கழுவப் போனவர் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையை நீட்டாமலே நின்றார். எண்களை மாற்றாமல் விட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது, உடனே மற்ற ஏழு குழுக்களின் மேஸ்திரிகளையும் போனில் கூப்பிட்டேன். ஆறு பேர் எடுத்தார்கள், தோண்டாதீங்க, படம் தப்பு என்று சொன்னேன். ஏழாவது மேஸ்திரி எடுக்கவே இல்லை, இன்னும் எடுக்கவில்லை. அவர் தாளில் முப்பது தெரு இருக்கிறது, எதில் தோண்டுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பா காலை ஆறு மணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகத் தேடப் போயிருக்கிறார். போகும்போது, யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னா சத்தமில்லாம திருத்தி வேற தாள் கொடுத்துடு, இன்ஜினியர்கிட்ட போய் நிக்காதே, வேலை போயிடும் என்றார். எனக்கும் ஆசைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க யாருக்குத்தான் ஆசை இல்லை.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறுகிறாள். உன் அறை ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, மாற்றியாயிற்று. என்ன எழுதுகிறேன் என்றே தெரியவில்லை, மணி எட்டே முக்கால்.

இப்போதுதான் அப்பா கூப்பிட்டார். கண்டுபிடித்துவிட்டார். பக்கெட் இறங்கிக்கொண்டிருந்ததாம், பைக்கை அப்படியே கீழே போட்டுவிட்டுக் குறுக்கே போய் நின்றாராம். அந்த டிரைவர் தாளை நீட்டி, என்னண்ணே, உங்க வீட்டம்மா போட்டதுன்னுதானே நம்பி இறங்கினோம் என்று கேட்டாராம். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் தப்பாக இருந்தது ஒரு பயம், அதை இத்தனை பேர் நம்பினார்கள் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருக்கிறது. சத்தமில்லாமல் திருத்தினால் அந்தத் தப்பான லேயரை எடுத்து நாளைக்கு வேறொருவர் அச்சடிப்பார், அதனால் சொல்லத்தான் போகிறேன். என்ன ஆகும் என்று தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது.

நீ நீண்ட ஆயுளோடு, குறைவில்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. யார் சொன்னாலும், இந்த அம்மாவே சொன்னாலும், இறங்குவதற்கு முன்னால் ஒரு கைக்குழி எடுத்துப் பார். அப்பா ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் எடுக்கவில்லை, அது என்னால். பொறியாளர் படியேறி வருகிற சத்தம் கேட்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் நாடாத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அந்தத் தாளின் மூலையில் பெயர் போட்ட,
உன் அம்மா