வரிசையில் கூப்பிட்ட பெயர்

தொண்டியர் அண்ணை,

இன்று காலை தபால்காரர் வாக்காளர் அட்டையைத் தந்துவிட்டுப் போனார். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். மகள்தான் என் பெயரையும் இலக்கத்தையும் வாசித்தாள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள். அட்டையை மூக்கருகில் பிடித்துப் பார்த்தேன். விடியலில் உங்கள் கடையில் பேப்பர்க் கட்டை அவிழ்க்கும்போது, கொதிக்கும் தேயிலைச் சாயத்தோடு கலந்து வருமே, அதே காகித மணம்.

ஊர்காவற்றுறையில், துறைமுகத்து ஒழுங்கையில் இருந்தது உங்கள் தேத்தண்ணிக் கடை. வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து நான் வாங்கில் குந்துவேன். நீங்கள் முதற்பக்கம் தொடங்கி மரண அறிவித்தல் வரை உரத்து வாசிப்பீர்கள். ஐம்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலில் யார் நிற்கிறார், என்ன சொல்கிறார் என்று நான் அறிந்ததெல்லாம் உங்கள் வாயால் கேட்டதுதான். "எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி போட?" என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டீர்கள்.

"உம்மடை கை, உம்மடை புள்ளடி. என்னைக் கேளாதையும்."

பத்து வயதில், இந்தியக் கரையிலுள்ள தொண்டியிலிருந்து ஓடு ஏற்றிவந்த தோணியில் தகப்பனோடு வந்தவர் நீங்கள். அதனால்தான் தொண்டியர். ஒழுங்கையில் பாதி வீடுகள் அப்படி அக்கரையிலிருந்து வந்தவை. ஊர்ப் பதிவு பார்த்த பழைய விதானையார் எல்லோரையும் இங்கே பிறந்தவர்கள் என்றே வாக்காளர் இடாப்பில் பதிந்திருந்தார். தேர்தல் வந்தால் வேட்பாளரின் கார் ஒழுங்கை வாசலில் நிற்கும். விளக்குக் கம்பம் வந்தது அந்த வாக்குகளுக்காகத்தான்.

பிறகு அறுபதாம் ஆண்டு. பள்ளிக்கூடத்தில் வரிசை. நீங்கள் வாசலுக்குள் கால் வைத்துவிட்டீர்கள். நான் நாலு பேர் பின்னால். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தொண்டியர்! கடையிலை ஆரை இருத்திப்போட்டு வந்தனீங்கள்? பூனையையோ?"

வரிசை முழுவதும் சிரித்தது. உள்ளே மேசையில் இருந்த ஒரு வேட்பாளரின் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. ஒழுங்கை வாக்குகள் தங்கள் பக்கம் விழாது என்பது அவருக்குத் தெரியும்.

"தொண்டியரோ? அப்ப இந்தியாக்காரன். உவருக்கு வோட்டில்லை."

அதிகாரி நல்ல மனிதர். "இந்த நாட்டுப் பிரசை எண்டு சத்தியம் பண்ணினால் போடலாம் ஐயா" என்றார். ஒரு சொல் சொன்னால் போதும். நீங்கள் நின்று யோசித்தீர்கள்.

"கடுதாசி இல்லாமல் சத்தியம் பண்ண ஏலாது" என்று திரும்பிவிட்டீர்கள். என்னைத் தாண்டிப் போனபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று நான் உள்ளே போய்ப் புள்ளடி போட்டேன். பேப்பர் வாசித்தவர் வெளியே; வாசிக்கத் தெரியாதவன் உள்ளே.

அடுத்த இடாப்பில் உங்கள் பெயர் இல்லை. ஒழுங்கையில் அக்கரையிலிருந்து வந்த மற்றவர்களின் பெயர்களும் இல்லை. கார்கள் நிற்காமல் போயின. கம்பத்து விளக்குப் பழுதாகியது. மாற்ற ஒருவரும் வரவில்லை. அந்த இருட்டு என் வாயால் வந்தது என்றே நினைத்தேன். உங்கள் பெயரைச் சொல்வதை விட்டேன். வெறும் அண்ணை என்றேன்.

"என்ன காணும், கலியாணம் பேச வந்த ஆள் மாதிரி அண்ணை, அண்ணை எண்டுறீர்?" என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணிக் காசை வைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் பிரசாவுரிமை பற்றி ஒப்பந்தம் செய்த பிறகு நீங்கள் பிரசாவுரிமைக்கு எழுதிப் போட்டீர்கள். பட்டணத்தில் விசாரணை. சாட்சிக்கு நானே வருவேன் என்று அடம்பிடித்தேன்.

"இவர் எந்த ஆண்டு வந்தவர்?" என்று கேட்டார் அதிகாரி.

"ஆண்டு தெரியாது ஐயா. மாதா கோயில் மணிக்குப் புதுக் கயிறு போட்ட கிழமை. தோணியாலை இறங்கின கையோடை எங்கடை வலையிலை கால் தடக்கி விழுந்தவர். நாடியிலை தழும்பு கிடக்குது, பாருங்கோ."

அதிகாரி எழும்பி வந்து உங்கள் நாடியைப் பார்த்தார். பிறகு ஒரு மணித்தியாலம் நான் சொல்லச் சொல்ல எழுதினார். எந்த மாரியில் கடைக்கூரை பறந்தது, எந்தப் பெருநாளுக்கு உங்கள் மூத்தவள் பிறந்தாள், எல்லாம். "இவருக்குப் பத்திரம் தேவையில்லை, நீர் இருக்கிறீர்" என்றார். ஆனாலும் பத்திரம் வர வருடக்கணக்கானது.

எழுபத்தேழில் உங்கள் பெயரும் ஒழுங்கையாரின் பெயர்களும் இடாப்பில் ஏறின; கார்கள் மறுபடி நின்றன. ஒரு வேட்பாளர் உங்கள் வாங்கில் குந்தி இரண்டு தரம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். "பாத்தீரே, என்ரை சாயம் திடீரெண்டு ருசிச்சுப்போச்சு" என்றீர்கள். தேர்தலுக்கு முன்பே கம்பத்தில் விளக்கு எரிந்தது.

அதே பள்ளிக்கூடம், அதே வரிசை. வாசலடியில் நீங்கள் திரும்பினீர்கள்.

"இப்பக் கூப்பிடும்."

"என்னெண்டு அண்ணை?"

"அண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி. பலமாய்."

நீங்கள் நகராமல் நின்றீர்கள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் "தொண்டியர்!" என்று கத்திவிட்டேன்.

"ஓம், வாறன்!" என்று கையை உயர்த்திக்காட்டிவிட்டு உள்ளே போனீர்கள்.

எந்தச் சின்னத்துக்குப் போட்டீர்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாரியில் நீங்கள் போய்விட்டீர்கள். வருகிற தேர்தலுக்கு நான் தனியே போகவேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் ஓராள் நிற்கும் இடத்தை விட்டு நிற்பேன். பின்னால் இருப்பவர்கள் "முன்னுக்குத் தள்ளி நில்லுங்கோ அப்பு" என்பார்கள்.

சொல்லட்டும்.