ஆற்றுவாயை மூடி நாட்டைக் காப்பவர்கள்

அண்ணா என்று வாய் திறந்தால் இன்னும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்க வைக்கிற என் அண்ணாவுக்கு,

உங்களுக்குப் பட்டினத்து இராணுவ முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் போன முப்பத்தோராம் நாள், வீட்டில் சனம் பந்தியில் இருக்கும்போது தபால்காரர் கொண்டுவந்து தந்தார். ஆற்றுவாய் வெட்டுவது பற்றி வட்டை விதானை என்ற முறையில் தங்களுக்குள்ள அனுபவக் கருத்தை எழுதி, மூன்று பிரதிகள் அனுப்பி வைக்கவும் என்று அதில் இருந்தது. நீங்கள் சாகும்வரை காத்திருந்த கடிதம் அதுதான். அனுமதி கேட்டிருந்தீர்கள். அவர்கள் கருத்துக் கேட்டிருந்தார்கள்.

நான் எழுதும் இந்தக் கடிதத்தை வாசிகசாலைப் பலகையில் ஒட்டப் போகிறேன். வெளியூர்க்காரரும் நின்று வாசிப்பார்கள். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததையே உங்களிடம் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரியில் மேற்கே பெய்கிற மழையெல்லாம் எங்கள் வாவியில்தான் வந்து சேரும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேடு அடைத்துக் கிடக்கும். வாவி நிறைந்தால் தண்ணீர் பின்னுக்கு ஏறி வட்டைகளில், எங்கள் வயல்வெளிகளில், நிற்கும். அப்போது மணலில் ஒரு வாய்க்கால் வெட்டி விடுவோம். மிச்சத்தை வெள்ளமே அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும். இதுதான் ஆற்றுவாய் வெட்டுதல். முந்தி வெட்டினால் கடல் ஏறிப் பயிர் உவரில் கருகும், பிந்தினால் அழுகும். அதனால்தான் எங்கள் வட்டையில் முதல் மண்ணை, வயல்களுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான வட்டை விதானையைத் தவிர வேறு யாரும் வெட்டுவதில்லை. கணக்குப் பிழைத்தால் யாரிடம் கேட்பது என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திருகோணமலையில் குண்டு விழுந்த வருடம் இந்த வழக்கத்துக்குள் நிபுணர்கள் வந்தார்கள். ஒரு துரை வரைபடத்தில் எங்கள் ஆற்றுவாயைப் பார்த்து, இது திறந்தால் எதிரிப் படகு நேரே பட்டினத்துக்குப் போய்விடும் என்று முடிவு செய்தார். மணல்மேட்டில் முள்ளுக்கம்பி இழுத்தார்கள். அனுமதியின்றி வெட்டுகிறவர்களுக்கு மறியல், சிறைதான், என்று பலகை நட்டார்கள். பர்மா அரிசி நின்றுபோய் ஊரெல்லாம் கூப்பனோடு வரிசையில் நின்ற காலம் அது. அந்தப் பலகையிலேயே, அதே ஆணியில், "உணவு பயிரிடுங்கள், நாட்டைக் காப்பாற்றுங்கள்" என்ற அறிவித்தலும் தொங்கியது. இரண்டையும் ஒரே ஆள்தான் அடித்திருக்க வேண்டும். அடிக்கும்போது வாசித்திருக்கமாட்டாரா?

போன மாரியில் தண்ணீர் ஏறியபோது ஊர் மண்வெட்டியோடு வந்தது. நீங்கள் மறித்தீர்கள். கந்தப்போடி மாமா உங்கள் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கத்தினார்.

"விதானையாரே, கடுதாசி வரும் வரும் எண்டு எத்தின நாளைக்குகா பாக்கிற? பயிருக்கு வாசிக்கத் தெரியுமா?"

"வெட்டினா எல்லாரையும் புடிச்சிட்டுப் போவாங்க. உங்கட புள்ளயளுக்கு ஆர் சோறு போடுற?" என்றீர்கள்.

"வெட்டாட்டி மட்டும் ஆர் போடுற? நீங்க துரைக்கு விதானையா, வட்டைக்கு விதானையா?"

நீங்கள் பட்டினத்துக்குப் போய் அனுமதி கேட்டு முகாம் வாசலில் மழையில் நின்றீர்கள். அடுத்த நாளும் போய் நின்றீர்கள். திரும்பி வந்தபோது கதிர் வெளிவராத குடலைப் பயிர் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. வரம்பையாவது உடைத்துப் பார்க்கலாம் என்று இடுப்பளவு வெள்ளத்தில் இறங்கினீர்கள். அந்தக் குளிர்தான் நெஞ்சில் இறங்கியது. ஆறு நாள் காய்ச்சல்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டுவது நேர்மையல்ல. ஏன் மறித்தீர்கள் அண்ணா? கையொப்பம் போட்ட தாள் என்றால் அதற்குப் பின்னால் யோசித்த ஒரு மனிதர் இருப்பார் என்று நம்பினீர்களா? நான் இந்த வாசிகசாலையில் எத்தனையோ நாடுகளின் யுத்த சரித்திரங்களை எடுத்து வாசித்துவிட்டேன். சுவர் இடிந்து விழுந்த கோட்டையைவிட, உள்ளே சோறு தீர்ந்து விழுந்த கோட்டைதான் அதிகம். அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். அந்தக் கோபம் என்மேல்.

இந்த வருடச் சங்கதியைக் கேளுங்கள். போன கிழமை பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம். பாதுகாப்பு நிபுணர் வந்து விளக்கம் சொல்கிறாராம். புதுத் துரை. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு மொழிபெயர்ப்பாளர். துரை பழைய கதையையே சொன்னார்: திறந்த வாய், எதிரிப் படகு, பட்டினம். கந்தப்போடி மாமா வாங்கிலிருந்து எழுந்தார்.

"துரையிட்டச் சொல்லுங்க. ஆத்துவாய் வெட்டினா அந்த இழுவைக்குள்ள எங்கட தோணியே உள்ளுக்கு வராது. மூடிக் கிடந்தாத்தான் மணல்மேட்டுக்கு மேலால மாட்டு வண்டில் போகும். யப்பான்காரன் சப்பாத்து நனையாம நடந்து வருவான். நாங்க வெத்திலத் தட்டோட நிக்கவா?"

மண்டபம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் துரையிடம் குனிந்து, இந்த மக்கள் துரையின் ஏற்பாடுகளுக்கு மிகவும் நன்றியுள்ளவர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பின் வாங்கிலிருந்து ஒருவர் கேட்டார்: "பயிர் செத்தா என்னத்தத் திண்டு துரைக்கு விசுவாசமா இரிக்கிற?"

உணவு நிலைமை பற்றி அவர்களுக்குச் சிறு கவலை உண்டு என்றார் மொழிபெயர்ப்பாளர்.

துரை புன்னகையோடு தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான்கு பேர் கூடினால் சுவரோரம் ஒதுங்குகிற நான் எழுந்து, மாமா சொன்னதை முழுவதுமாக, வெற்றிலைத் தட்டு உட்பட, ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தங்கச்சி, இருங்கோ. இது வயல்காரரின்ர கூட்டம்" என்றார் கோட்டுக்காரர்.

"வயல் என்ர பேரிலதான் கிடக்கு, ஐயா."

மறுபடியும் சிரிப்பு. துரை சிரிக்கவில்லை. நான் யார் என்று கேட்டார். போன வருடம் அனுமதிக்குக் காத்திருந்து செத்த வட்டை விதானையின் தங்கை என்றேன். முகம் சற்று மாறியது. அவர் கெட்ட மனிதர் அல்ல அண்ணா, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். உத்தரவு போட்டவர் இடம் மாறிப் போய்விட்டாராம். காரணங்கள் கோப்பில் இருக்கின்றனவாம். தன்னால் மாற்ற முடியாதாம், மேலிடத்துக்கு எழுதுவாராம்.

"இந்த வருடமும் பயிர் அழிந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டேன்.

"இது பாதுகாப்பு விடயம்" என்றார்.

இதுதான் இவர்களுடைய நிபுணத்துவம். கருத்து இவர்களுடையது, வெள்ளம் எங்களுடையது. எங்கள் வட்டையில் ஒரு வரம்பைப் பிழையாக வெட்டியவன் கூட அடுத்த போகம்வரை ஊர் முகத்தில் விழிக்க வேண்டும். இவர்கள் யார் முகத்தில் விழிக்கிறார்கள்? நாடு, நாடு என்கிறார்களே, அதற்குள் நாங்கள் இருக்கிறோமா, அல்லது நாங்கள் அதைச் சுற்றிப் போட்ட வேலியா?

ஐந்து நாளாக மழை விடவில்லை. மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பயிர் மறுபடி குடலை. வயலில் தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டது. இன்று காலை கந்தப்போடி மாமா நனைந்தபடி முற்றத்தில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"புள்ள, நான் கொண்ணன்ட சாவுக்கு வரல்ல."

"தெரியும், மாமா."

"பேசின பேச்சுக்கு வெக்கமாக் கிடந்திச்சி. மறுகா வர முகமில்ல."

"இப்ப மட்டும்?"

"இப்ப வெள்ளம் வந்திட்டுகா."

இந்த ஒரு வருடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அவரும் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னார். உங்களுக்குப் பிறகு விதானை வேலைக்கு ஒருவரும் முன்வரவில்லை. முதல் மண் வெட்ட ஆளில்லாமல் ஊர் நிற்கிறது. உங்கள் மண்வெட்டியைத் தந்தால் உங்கள் இடத்தில் நின்று தான் வெட்டுகிறாராம்.

தரமாட்டேன் என்றேன். "நீங்க வெட்டினா உங்கட நாலு புள்ளயள் தெருவில நிக்கும். எங்கட வீட்டு ஆள்தானே வெட்டுற. நான் வாறன்."

"பொம்புளப்புள்ள மறியலுக்குப் போறதா?"

"அங்க வாசிக்க நேரம் கிடைக்கும், மாமா."

அவர் விடியக்காலை தோணி கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பயமாகத்தான் இருக்கிறது. முந்தி வெட்டிக் கடல் ஏறிவிட்டால்? இன்று இரண்டு தடவை போய்க் கடலையும் வாவியையும் பார்த்துவிட்டு வந்தேன். கடலைவிட வாவிதான் உயரம், வெட்டினால் தண்ணீர் வெளியேதான் ஓடும். சரிதானா என்று உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?

நாளை விடிய முள்ளுக்கம்பியைத் தாண்டிப் போய் முதல் மண்ணை நான் வெட்டுவேன். தண்ணீர் கடலைத் தொடும்வரை கரையிலேயே நிற்பேன். கணக்குப் பிழைத்தால் ஊர் என்னைக் கேட்கட்டும். அவர்கள் வந்து யார் வெட்டியது என்று கேட்டால் ஊரைக் காட்டமாட்டேன், இறந்துபோன உங்களையும் காட்டமாட்டேன். அவர்களுடைய உத்தரவில் இல்லாத ஒன்றை இந்தத் தாளில் வைக்கிறேன்: செய்த ஆளின் பெயர்.

உங்கள் கூடப்பிறந்த தங்கை,
பாக்கியம்