பின்கட்டு அடுக்களையில் நடக்கும் ரப்பர் ஆராய்ச்சிக்கு ஓர் அறை வேண்டி

அனுப்புநர்:
திருமதி செல்லப்பாக்கியம் சின்னத்தம்பி,
சாப்பாட்டு விடுதி உரிமையாளர்,
தம்போய் சாலை, ஜொகூர் பாரு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆராய்ச்சி உபகாரச் சம்பளக் கமிட்டி,
ஜொகூர் பாரு.

பொருள்: தங்கள் உபகாரச் சம்பளத்தில் லண்டன் சென்று படித்துத் திரும்பிய திரு. ஏரம்பமூர்த்திக்குப் படிப்புக்கேற்ற வேலையும், என் அடுக்களைக்கு விடுதலையும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கணவனை இழந்தவள். அரசாங்க உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுப் பிழைக்கிறேன். இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். என் விடுதியில் நன்றாக இங்கிலீஷ் எழுதக்கூடியவர் ஏரம்பமூர்த்திதான். இதுவோ அவருக்குத் தெரியாமல் எழுதுவது. தங்கள் மொழிபெயர்ப்பாளர் எதையும் சுருக்காமல் படித்துச் சொல்ல வேண்டும்.

2. மேற்படியார் ரப்பர் மரத்தின் வேரை அழிக்கும் வெள்ளைப் பூஞ்சணத்தை ஆராயத் தங்களால் அனுப்பப்பட்டவர். பட்டத்தோடு திரும்பியபோது, ரப்பர் விலை விழுந்துவிட்டது, ஆய்வுக்கூடம் கட்ட வசதியில்லை, பொறுத்திரும் என்றீர்கள். அதுவரைக்கும் என்று நில வரைபடங்களுக்கு எண் போடும் வேலையைக் கொடுத்தீர்கள். அந்த 'அதுவரைக்கும்' இன்னும் முடியவில்லை. அவருக்கு முன் போன திரு. சாம்பசிவம் ரசாயனம் படித்தவர். இன்று சிங்கப்பூரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார். இன்னொருவர் பூச்சிகளைப் பற்றிப் படித்துவிட்டுச் சரக்கு ரயிலுக்குச் சீட்டு எழுதுகிறார். எல்லோரும் என் கையால் சாப்பிட்டவர்கள், ஆகையால் சொல்கிறேன். வழியனுப்பும்போது காட்டிய அக்கறை, திரும்பி வந்தவர்களிடம் காட்டப்படவில்லை.

3. ஏரம்பமூர்த்தி மட்டும் விடவில்லை. ஞாயிறுதோறும் கூலாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய், நோய் பிடித்த வேர்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, என் பின்கட்டில் கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சணம் வளர்க்கிறார். கண்ணாடிக் குழாய்களை அவிப்பது என் இடியப்பப் பானையில். கேட்டால், "கொதிச்ச பானையில கிருமி இராது அக்கா" என்பார். கிருமி இராதுதான், அன்றைக்கு இடியப்பமும் இராதே, ஐயா.

4. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய சட்டி நிறைய அகர் அகர் என்னும் கடற்பாசிக் களி காய்ச்சி ஆறவைத்துவிட்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். என் பானையைப் பிடுங்கிக்கொண்டதற்குப் பரிகாரமாக எல்லோருக்கும் பலகாரம் செய்திருக்கிறார் என்று நம்பி, மனம் குளிர்ந்து, துண்டு போட்டுத் தேங்காய்ப்பாலும் சீனிப்பாகும் ஊற்றிப் பந்தியில் பரிமாறினேன். கிழங்கு மணக்கிறது என்று, என்னிடம் சாப்பிடும் திரு. மணியம் முகம் சுளித்தார். அந்நேரம் பார்த்துச் சாக்கோடு உள்ளே வந்த ஏரம்பமூர்த்தி, "ஐயோ அக்கா, அது பூஞ்சணத்துக்கெண்டு காய்ச்சின சாப்பாடு!" என்று எல்லோர் காதிலும் விழும்படி கத்திவிட்டார். அதில் இருந்தது உருளைக்கிழங்குச் சாறு மட்டுமே. பூஞ்சணம் இன்னும் இடவில்லை. ஒருவருக்கும் வயிறு கூட வலிக்கவில்லை. ஆனாலும் திரு. மணியம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததில், பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

5. அந்த நட்டத்துக்காக நான் இதை எழுதவில்லை. தன்னால் என் பிழைப்புக் கெட்டது என்று ஏரம்பமூர்த்தி குழாய்களையெல்லாம் கழுவிப் பெட்டியில் கட்டிவிட்டார். வரும் முதல் தேதி சிங்கப்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்கிறாராம். பூஞ்சணத் தட்டுகளில் வெந்நீர் ஊற்றி அழித்துவிடும்படி என்னிடம் சொன்னார். தானே ஊற்ற மனம் வரவில்லை போலும். எனக்கு அது பொறுக்கவில்லை.

6. அவற்றுள் ஒரு தட்டில், பச்சைப் பூஞ்சணம் ஒன்று படர்ந்த பக்கம் வெள்ளை அண்டாமல் நிற்கிறது. அதைக் கண்ட அன்று அவர் பாதிச் சோற்றில் எழுந்து வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இது மண்ணிலும் பலித்தால் மரங்களைத் தோண்டி எரிக்க வேண்டியதில்லை என்றார். பலிக்குமா என்பது அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே, ஐயா, அவரை அனுப்பினீர்கள்?

7. ஆகவே அவருக்குப் பூட்டுள்ள ஓர் அறையும், ஓர் அடுப்பும், அவருக்கென்று ஒரு பானையும், படித்த படிப்புக்குரிய வேலையும் கொடுக்க வேண்டுகிறேன். பெரிய கட்டடம் பிறகு கட்டிக்கொள்ளலாம்.

மற்றத் தட்டுகளில் வெந்நீர் ஊற்றிவிட்டேன். அந்த ஒன்றில் ஊற்றவில்லை. இடியப்பத் தட்டுகளுக்குப் பின்னால் மூடி வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. இன்று காலையும் பார்த்தேன். வெள்ளை இன்னும் பச்சையை நெருங்கவில்லை. ஆனால் தட்டின் ஓரம் காயத் தொடங்கிவிட்டது. எத்தனையோ பேருக்குச் சமைத்துப் போட்ட எனக்கு, அதற்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை. அது தெரிந்த மனிதரை முதல் தேதிக்கு முன் போகாமல் நிறுத்தித் தாருங்கள்.

இடம்: ஜொகூர் பாரு
தேதி: 18 ஜூலை 1934

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சி. செல்லப்பாக்கியம்
(சொந்தக் கையெழுத்து)