பாங்கொக்கிலிருந்து வரும் இலைத்தூள்

லண்டன், 14.05.2010

இஞ்சேருங்கோ,

புட்டும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கின்றன. சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

என் தம்பி உதயன் பாங்கொக்கிலிருந்து எழுதிய கடிதத்தை உங்கள் சட்டைப்பையில் கண்டேன். “அத்தான், கிராட்டம் இலைத்தூள் இன்னொரு பொதி அனுப்புறன்” என்கிறான். உங்கள் முதுகுநோவுக்கு அவனா கிடைத்தான்? “லண்டனில அதுக்குத் தடையில்லையப்பா” என்று நேற்று என்னிடம் நியாயம் பேசினீர்களே, தாய்லாந்தில் அது போதைப்பொருள் என்று தடை! விசா முடிந்து ஒளித்திருக்கிற பிள்ளை அந்தப் பொதியோடு பிடிபட்டால், லண்டன் சட்டமா போய் மீட்கும்? அத்தான் கேட்டால் அவன் மாட்டேன் என்று சொல்லவே மாட்டான். இன்று இரண்டு மணிக்குப் போன் எடுப்பான். உங்கள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புஷ்பம்

பி.கு: மிச்சத் தூளைக் கொட்டிவிட்டேன்.

இன்னொன்று: முதுகு சுகம் என்று அவனிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எப்படியும் அனுப்பிவிடுவான். நோவுக்கு நான் வேலை முடிந்து வந்து எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன்.