ஆம்பல் வாயைத் திறக்கக் கூடாது

அன்பு மகன் மணிமாறனுக்கு அம்மா அஞ்சம்மாள் சொல்லச் சொல்லத் தங்கை கலைப்பிரியா எழுதுவது. இங்கே சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்க அம்மன் துணை நிற்க வேண்டும். மழை விட்டு விட்டுப் பெய்வதால் கரும்பு இன்னும் வெட்டவில்லை, ஆலையில் கட்டிங் ஆர்டர் இன்றைக்குத் தருகிறேன் நாளைக்குத் தருகிறேன் என்கிறார்கள். அப்பா போன பிறகு பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் அலைகிறார், அவருக்குச் சர்க்கரை ஏறிக் கால் புண் ஆறவில்லை. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. மல்லாட்டை உரித்து வறுத்து வைத்திருக்கிறேன், கேப்பை மாவும் அரைத்தாகிவிட்டது, திருவெண்ணெய்நல்லூர் போகும்போது பார்சல் போடுகிறோம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே.

அண்ணா, மேலே இருப்பது அம்மா சொன்னது. நடுவில் அக்கா பேச்சு வந்ததும் அம்மா சட்டென்று, "அவ பேர எழுதாதடி, பெரியப்பாவுக்குப் படிச்சிக் காட்டணும்" என்று நிறுத்திவிட்டது. படித்துக் காட்டியாகிவிட்டது, எல்லோரும் படுத்துவிட்டார்கள். இனி வருவது அம்மாவுக்குத் தெரியாமல் நான் எழுதுவது. விளக்குப் போடப் பயம், உன் பழைய லேப்டாப் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே. என்னோடு படிக்கிற அமலா போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன், தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிட்டாய். நம் வீட்டு போன் வல்லரசு கையில்தான் இருக்கிறது, பெரியப்பா மகன் என்பதால் யாரும் கேட்பதில்லை. தபாலையும் வழக்கமாக அவன்தான் கொண்டுபோவான், இந்த முறை அமலா டியூஷன் போகும்போது விழுப்புரத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நீ எழுதிய கேமைத் தமிழில் பேசவைத்திருக்கிறோம், நம் ஊர்ப் பேச்சு சரியாக வருகிறதா என்று பார் என்று அனுப்பினாயே, அதைக் கடைசிவரை ஆடிவிட்டேன். நாயகனோடு கூட வருகிற ஆறு பேரையும் எனக்குப் பிடித்திருக்கிறது. கோடரி வைத்திருக்கிற அந்தக் குண்டன் ஒவ்வொரு மலை ஏறும்போதும், "இன்னாபா, இந்த ஊருக்கு பஸ்ஸே கெடையாதா, ஒரே பேஜாரா கீது" என்று முனகும்போது சிரிப்பு வெளியே கேட்கக் கூடாது என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டேன். பிறகு ஆம்பல் வந்தாள். விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடக்கிற அந்தப் பெண் நான்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. விரல் சொடுக்குவது, பயந்தால் கதவை இரண்டு முறை தள்ளிப் பார்ப்பது, யாராவது பாராட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் என்னுடையது. பெருமையாகத்தான் இருந்தது அண்ணா, பொய் சொல்லவில்லை. இரவு தங்கும் கூடாரத்தில் அவளிடம் போய்ப் போய்ப் பேசினேன். பிடித்ததைக் கொடுத்தால் நம்பிக்கைக் கோடு ஏறும் என்பதால் கண்ணாடி வளையலாகக் கொடுத்தேன். கோடு நிரம்பியதும் அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க அக்கா சாவல, உயிரோடதான் கீறா. நாலு ரோடு பிரியற ஊர்ல, பெரிய பாலத்துக்குக் கீழ, மாவு அரைக்கிற வீட்டு மாடியில கீறா. சின்னதுல கரும்பு வண்டி ஏறி இடது கால் போச்சி, இழுத்துக்கினுதான் நடப்பா. அவ புருஷன் லாந்தர் ரிப்பேர் பண்றான். யார்கிட்டயும் சொல்லாத."

ஆடி மாதம் நீ வந்தபோது மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று உனக்கு மட்டும் நான் சொன்னது இது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்குத் திண்டிவனம் கூட்டிப்போனபோது வேணி அக்கா என்னைத் தேடிவந்து பார்த்ததும், அந்த மாடி வீட்டில் எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்ததும் வேறு யாருக்கும் தெரியாது. புகழேந்தி மாமா மோட்டார் காயில் கட்டுவதை நீ லாந்தராக மாற்றிவிட்டாய், அக்கா பெயரை எடுத்துவிட்டாய். காலை மாற்றவில்லை, ஊரை மாற்றவில்லை. புனேயில் உன் கூட வேலை செய்பவர்களுக்கு அது ஏதோ ஒரு கற்பனை ஊர். நம் பக்கத்தில் பஸ் ஏறுகிற யாருக்கும் நாலு ரோடு பிரிகிற ஊர் எது என்று தெரியும். பெரியப்பா ஆள் வைத்துக் கோட்டக்குப்பம் வரைக்கும் தேடிவிட்டார், திண்டிவனத்தை மட்டும் யாரும் நினைக்கவில்லை, இவ்வளவு பக்கத்திலா இருப்பாள் என்று. அகப்பட்டால் மாமாவை என்ன செய்வார்கள் என்று வல்லரசு சாப்பிடும்போதே சொல்கிறான், அதை நான் இதில் எழுத மாட்டேன்.

பொங்கலுக்கு வரப்போகிற உன் கேமுக்காக அவன் காத்துக்கொண்டிருக்கிறான். எங்கண்ணன் எழுதினதுடா என்று டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். யாருக்கு எதைக் கொடுத்தால் வாய் திறப்பார்கள் என்று வந்த அன்றே யூட்யூபில் போட்டுவிடுவார்களாம், "ஆறு பேர் வயித்துல கீறதையும் கக்க வெச்சிட்டுதான் தூங்குவேன்" என்கிறான். போன வாரம் கேம் விளம்பரத்தில் படித்துவிட்டு என்னிடம், "ஏய் ஊமச்சி, உன்னாட்டம் ஒருத்தி வர்றாளாமே, அவளாவது பேசுவாளா?" என்று கேட்டான். கொஞ்ச நாளாக என்னிடமும் நன்றாக நடந்துகொள்கிறான். பரோட்டா வாங்கி வந்தான், மழையில் பள்ளிக்கூடத்திலிருந்து வண்டியில் கூட்டிவந்தான், "அக்கா பேசுச்சின்னா சொல்லு கலை, பெரியவங்க காதுக்குப் போவாது, எனக்கும் அது அக்காதான்" என்று கண் கலங்கினான். அக்கா ஓடிப்போனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை அண்ணா. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் கன்று கத்தியது, எழுந்து போய்விட்டேன். அன்றிலிருந்து அவன் எதைக் கொடுத்தாலும் என் தலைக்கு மேல் அந்தக் கோடு ஏறுவது போலவே இருக்கிறது.

கூட வருகிறவர்களுக்கு ஒரு ரகசியம் இருக்க வேண்டும், அதை நாயகனிடம் சொல்லும்போதுதான் அவர்களுக்கு உயிர் வரும் என்று நீ சொல்வாய். உனக்குத்தான் அந்த வேலை தெரியும். ஆனால் வளையலை வாங்கிக்கொண்டு, கோடு நிரம்பியும், ஒன்றும் சொல்லாமல் விளக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஒருத்திக்கு உயிர் இல்லையா? ஆடுகிறவர்கள் ஏமாந்துபோய்த் திட்டுவார்கள், திட்டட்டும். காலை மாற்றினாலோ ஊரை மாற்றினாலோ மட்டும் போதாது, அவளுக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்பதே அவள் வாயிலிருந்து வரக் கூடாது. பேசிப் பதிவு செய்துவிட்டார்கள், இனி முடியாது என்று உன் மேலதிகாரி சொன்னால் அவர் காலில் விழுந்தாவது எடுக்கச் சொல். எதற்கு என்று கேட்டால் அதையும் சொல்லாதே.

பதில் எழுதாதே, வல்லரசு பிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது ஸ்பீக்கரில்தான் போடுவார்கள், பெரியப்பாவும் பக்கத்தில் இருப்பார். எடுத்துவிட்டாய் என்றால் கலைக்குப் பரீட்சை எப்போது என்று கேள். முடியவில்லை என்றால் என்னைப் பற்றி எதுவும் கேட்காதே. கேட்காவிட்டால் நான் மறுநாள் யூனிஃபார்மோடு திண்டிவனம் பஸ் ஏறி அவர்களை வேறு ஊருக்குப் போகச் சொல்லிவிடுவேன். திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவில்லை, யோசித்தால் ஏற மாட்டேன்.

அம்மா முடிவாகச் சொன்னது: உன் கை எழுதுவதெல்லாம் உனக்கும் நாலு பேருக்கும் நல்லதாகவே அமையட்டும், ஆயுசோடு இரு, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறந்துவிடாதே.

நான் சொல்வது: எப்போதும் அம்மாவிடம் பேசிவிட்டு என்னை விசாரிக்க மறந்தே போனை வைத்துவிடுவாய். இந்த முறை அப்படி மறந்துவிடாதே அண்ணா.

இப்படிக்கு,
அம்மா அஞ்சம்மாள்,
தங்கை கலைப்பிரியா